பலித்துத் தொலைத்த கணிப்பு

பிள்ளையார்பாளையத்தில் வெறும் யாழினி என்று கேட்டால் நான்கு பேரைக் காட்டுவார்கள். தேதி யாழினி என்று கேட்டால் நேரே அவள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். "சீக்கிரமே பட்டு வெல எறங்கிடும்" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு யாரும் அவளிடம் தப்ப முடியாது. "சீக்கிரம்னா எந்த மாசம்? நூத்துக்கு எத்தன நிச்சயம்?" என்று நிறுத்திவைத்துக் கேட்பாள். சொன்னதை எழுதிக்கொள்வாள். அந்த மாதம் வந்ததும் போய் மறுபடி கேட்பாள். பெண் பார்க்க வந்தவர்கள் "சீக்கிரம் சொல்லியனுப்புறோம்" என்றபோது அவர்களிடமே தேதி கேட்டவள் அவள். அவர்கள் சொல்லியனுப்பவே இல்லை. அடுத்து வந்தவர் வெள்ளிக்கிழமை என்று சொல்லி வெள்ளிக்கிழமையே சொல்லியனுப்பினார்; அவரைத்தான் கட்டிக்கொண்டாள்.

இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கவும் உலகத்தில் ஒரு தொழில் இருந்தது. சென்னை தரமணியில் ஒரு சின்ன ஆய்வுக் கம்பெனி. செயற்கை நுண்ணறிவு எந்த வேலையை எந்த வருஷத்தில் மனிதனுக்குச் சமமாகச் செய்யும் என்று ஆராய்ந்து முன்கூட்டிச் சொல்வதுதான் அவர்கள் பிழைப்பு. புள்ளியியல் படித்த யாழினிக்கு வீட்டிலிருந்தே வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இயந்திரத்துக்குப் பரீட்சை வைத்து, மதிப்பெண்ணைக் குறித்து, கோடு எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்து, "இன்ன தேதிக்குள் இது நடக்க இத்தனை சதவீதம் வாய்ப்பு" என்று எழுத வேண்டும். தேதி வந்ததும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று கேள்வியை மூடுவார்கள். தொண்ணூறு என்று அடித்துச் சொல்லித் தப்பாய்ப் போனால் புள்ளி பெரிதாகக் குறையும். வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாத அந்த ஏற்பாடு அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

அந்தத் தொழிலில் இருந்தவர்களைத்தான் பிடிக்கவில்லை. ஒரு தடவை சென்னையில் பெரிய ஹோட்டல் ஒன்றில் கருத்தரங்கு வைத்தார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் மேடையேறி, இரண்டே வருஷத்தில் டாக்டரே தேவைப்படாது என்றார். அடுத்தவர் ஏறி, ஐம்பது வருஷமானாலும் ஒன்றும் மாறாது என்றார். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சால்வை போர்த்தி, ஒரே மாதிரி கைதட்டினார்கள். யாழினி எழுந்து, "ரெண்டு வருஷம்னா எந்த மாசம் சார், எத்தன சதவீதம் சார்?" என்று கேட்டாள். மைக்கை வாங்கிக்கொண்டுபோய் வேறு வரிசையில் கொடுத்துவிட்டார்கள். தட்டிலிருந்த போண்டாவைக்கூடத் தொடாமல் பஸ் ஏறிவிட்டாள். ராசிபலன் சொல்கிறவனாவது எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறான் என்று வழியெல்லாம் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அவளுக்கென்று கம்பெனி கொடுத்திருந்த கேள்விகளில் ஒன்று காஞ்சிபுரத்தைப் பற்றியது. பட்டுப் புடவையின் படத்தைப் பார்த்தே அது கைத்தறியா விசைத்தறியா என்று இயந்திரம் எப்போது சரியாகச் சொல்லும்? விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று தலையில் கட்டுவது இந்த ஊருக்குப் பழைய வியாதி. அதனால் ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கத்திலும், புடவையைப் புரட்டி, கரையும் உடலும் கோர்த்த இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருப்பார். அவருக்குப் பதில் ஒரு கேமரா வருமா, எப்போது வரும் என்பதுதான் கேள்வி.

முதல் மூன்று பரீட்சையிலும் இயந்திரம் அறுபத்து மூன்று, அறுபத்தைந்து, அறுபத்தாறு என்று தவழ்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாய் வரும். இந்த வேகத்தில் பத்து வருஷமாவது ஆகும் என்று யாழினி எழுதினாள். அவளுக்கு மேலே இருந்த ஆனந்தகுமாருக்கு அது ரசிக்கவில்லை.

"படமெல்லாம் கடைக்காரங்க போன்ல எடுத்தது யாழினி. டல்லா இருக்குது. நீங்க லோக்கல்தானே, ஃப்ரெஷ்ஷா எடுத்துக் குடுங்க. முந்தானையும் கரையும் சேர்ற மூலைய க்ளோஸ்-அப்ல எடுங்க" என்றார்.

யாழினி நெசவாளர் வீட்டுப் பெண். அவளுக்கு எந்த வீட்டுக் கதவும் திறக்கும். இரண்டு மாதம் தெருத்தெருவாகப் போய், தறியிலிருந்து அறுத்த கையோடு அறுநூறு புடவைகளைப் படமெடுத்தாள். விசைத்தறிப் புடவைகள் ஊருக்கு வெளியே ஒரு மொத்த வியாபாரியின் குடோனில் கிடைத்தன, அங்கே அறுநூறு. பாதிப் படங்களைக் காட்டி இயந்திரத்தைப் பழக்கி, மீதிப் பாதியைக் காட்டிப் பரீட்சை வைத்தார்கள்.

தொண்ணூற்று ஏழு.

தரமணியில் கேக் வெட்டினார்கள். யாழினிக்கும் சந்தோஷம்தான், அதை மறைப்பானேன்? தன் கையால் எடுத்த படத்தில் இயந்திரம் தேறியது என்ற பெருமை தலைக்கு ஏறியிருந்தது. பழைய கணிப்பை அடித்துவிட்டு, '2026 ஏப்ரல் முடிவதற்குள் காஞ்சிபுரத்தில் ஒரு சங்கமாவது சோதனையை இயந்திரத்திடம் ஒப்படைக்க எழுபது சதவீத வாய்ப்பு' என்று எழுதிக் கொடுத்தாள். கம்பெனி அறிக்கையின் அட்டையில் அவள் பெயரோடு அந்த வரியைப் பெரிதாகப் போட்டது. சதவீதத்தை மட்டும் காணோம். 'ஒப்படைக்கும்' என்று முடித்திருந்தார்கள்.

அந்த அறிக்கை அவள் தெருவுக்குப் பக்கத்துச் சங்கத்துச் செயலாளர் மாணிக்கவாசகத்தின் கைக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தது. எப்படியும் நடக்கப் போகிறது என்று எழுதியிருக்கும்போது, நாம் முதல் ஆளாக இருந்துவிடுவோமே என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. பொங்கல் கழிந்ததும், யாழினியின் படங்களில் பழகிய அதே இயந்திரத்தோடு கேமரா வந்தது. ரிப்பன் வெட்டினார்கள். இருபத்தாறு வருஷமாக நகத்தால் புடவை பார்த்த நமச்சிவாயத்தைக் குடோனில் மூட்டை எண்ணப் போட்டார்கள். ஒரு நெசவாளர் கொண்டுவரும் புடவையை இயந்திரம் மூன்று தடவை 'விசைத்தறி' என்று சொன்னால் உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவது என்று தீர்மானமும் போட்டார்கள்.

மாசி மாதம் ஒரு காலை, தில்லையம்மாள் யாழினி வீட்டுக்கு வந்தாள். மூன்று தெரு தள்ளி இருப்பவள். வயது நாற்பத்தைந்து இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் கணவன் செத்த பிறகு அவன் தறியில் தானே உட்கார்ந்து, மகளை ஒத்தாசைக்கு வைத்துக்கொண்டு நெய்கிறாள். கரையை உடலோடு கோர்க்கும் அவள் கோர்வை அத்தனை சுத்தம். வந்தவள் உட்காரவில்லை.

"யாழினிம்மா, நீதான் அந்த மெஷினுக்குப் படம் புட்ச்சிக்கினு போனியாமே. ரெண்டு பொடவயும் பவர்லூமுன்னு சொல்லிட்ச்சிமா. நான் திருடியாமா? என் வூட்ல பவர்லூம் எங்க கீது, நீயே வந்து பாரேன். இன்னொண்ணு தறியில கீது. அதுவும் போச்சுன்னா பேர எடுத்துடுவாங்கோ."

"ஒங்க பொடவையவா அக்கா?"

"என்னுதுதாம்மா. தெருவுல போறவன்லாம் 'இன்னா தில்லையம்மா, கரண்டு பில்லு எவ்ளோ'ன்னு கேக்கறான்."

யாழினிக்கு முகத்தில் ரத்தம் ஏறியது.

அவளை அனுப்பிவிட்டு, முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தாள். பரீட்சையில் இயந்திரம் தப்பாகச் சொன்ன படங்களைத் தனியாக எடுத்து வரிசையாகத் திறந்தாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டுதான் திறந்தாள். நிஜக் கைத்தறியை விசைத்தறி என்று சொன்னவை பதினெட்டு. ஒன்று தில்லையம்மாள் வீட்டில் எடுத்தது. நான்கு, சாவுத் தீட்டில் இருந்த ஒரு வீட்டில் எடுத்தவை. ஏழு, மாதாகோயிலுக்குப் போகிற ஒரு குடும்பத்தினுடையவை. மிச்சம் ஆறும் அவசரத்தில் எடுத்தவை. இந்த வீடுகளுக்குள் என்ன ஒற்றுமை என்று ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

மஞ்சள் இல்லை. பதினெட்டிலும் மஞ்சள் இல்லை.

புதுத்துணி என்றால் மூலையில் மஞ்சள் தொட்டு வைப்பது யாருக்கும் சொல்லித்தர வேண்டிய காரியமா? அதுவும் தறியிலிருந்து இறங்கிய புடவையை வெளியாள் படமெடுத்தால் கண்படும் என்று, ஒவ்வொரு வீட்டிலும் முந்தானை மூலையில் கடுகளவு மஞ்சள் தொட்டு வைத்த பிறகுதான் படமெடுக்க விட்டிருந்தார்கள். வீட்டுப் பெண்கள் கை வேலையாக இருந்த இடங்களில் யாழினியே தொட்டு வைத்திருந்தாள். அவள் கண்ணுக்கு அது படவே இல்லை. பிறந்ததிலிருந்து பார்ப்பது எங்கே கண்ணில் படும்? குடோன்காரன் மஞ்சளுக்கு எங்கே போவான்? இயந்திரம் நூலையும் பார்க்கவில்லை, கோர்வையையும் பார்க்கவில்லை. மஞ்சள் இருந்தால் கைத்தறி, இல்லாவிட்டால் விசைத்தறி. அதைத்தான் முன்னேற்றம் என்று அவள் கோடு போட்டுக் காட்டி, கேக்கும் வெட்டவிட்டிருந்தாள்.

எல்லாப் படத்திலும் அந்த மூலையை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பரீட்சை வைத்தாள். அறுபத்தாறு. ஒரு புள்ளிகூட ஏறவில்லை. கருத்தரங்கில் சால்வை வாங்கியவர்கள்மேல் வந்த அருவருப்பு இப்போது தன்மேலேயே வந்தது. அவர்களாவது வாயால் சொன்னார்கள். இவள் பரீட்சை வைத்துப் பொய் சொல்லியிருக்கிறாள்.

ஆனந்தகுமாருக்குப் போன் போட்டு ஒன்று விடாமல் சொன்னாள். "தப்பு என்னுது சார். அறிக்கைய வாபஸ் வாங்கிடுங்க. அந்தச் சங்கத்துக்கும் நாமளே சொல்லிடணும்."

அவர் சிரித்தார். "இன்ட்ரஸ்டிங். மஞ்சளா! சூப்பர் யாழினி. ஆனா யோசிச்சுப் பாருங்க, நம்ம கேள்வி இன்னா? மெஷினுக்குத் தெரியுமான்னா கேட்டோம்? சங்கம் மெஷின்கிட்ட ஒப்படைக்குமான்னுதானே கேட்டோம். ஒப்படைச்சுட்டாங்க. ஏப்ரல் வரைக்கும் எடுக்காம இருந்தா நம்ம கணிப்பு கரெக்ட்."

"ஒரு பொம்பள பேரு போவுது சார்."

"புரியுது, புரியுது. அடுத்த அறிக்கையில ஒரு அடிக்குறிப்பு போட்டுடலாம்."

முழுப் பூசணிக்காயை அடிக்குறிப்பில் மறைக்கப் பார்க்கிற மனுஷனிடம் மேலே பேச அவளுக்கு நாக்கூசியது. போனை வைத்துவிட்டாள்.

தில்லையம்மாளின் மூன்றாவது புடவை தறியிலிருந்து இறங்கிய அன்று, யாழினியும் கூடவே சங்கத்துக்குப் போனாள். காந்தி ரோட்டில் ஒரு கடையில் சொந்தக் காசு போட்டு வாங்கிய விசைத்தறிப் புடவை ஒன்றும் அவள் பையில் இருந்தது. கூடவே ஒரு டப்பியில் குழைத்த மஞ்சள். கூலிக்காகப் பத்துப் பதினைந்து நெசவாளர்கள் காத்திருந்தார்கள். குடோனிலிருந்து நமச்சிவாயத்தையும் கூப்பிட்டு வரச் செய்தாள்.

"பாருங்க சார்" என்று கடைப் புடவையை விரித்தாள். கேமரா பார்த்தது. 'விசைத்தறி' என்றது. எல்லாரும் தலையாட்டினார்கள். யாழினி டப்பியில் விரலைத் தொட்டு, முந்தானை மூலையில் ஒரு பொட்டு வைத்து மறுபடி காட்டினாள்.

'கைத்தறி. 97.'

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். நமச்சிவாயம் அந்தப் புடவையைக் கையில் வாங்கி, ஒரே ஒரு தடவை நகத்தை ஓட்டிவிட்டுக் கீழே போட்டார். "சூரத்து சரக்கு" என்றார். யாழினி நடந்ததையெல்லாம் சொன்னாள். படமெடுத்தது தான்தான், மஞ்சள் தொட்டு வைத்ததும் தான்தான், கணிப்பு எழுதியதும் தான்தான் என்று கூசாமல் சொன்னாள். இதற்குமேல் ஒரு சங்கம் அந்தக் கேமராவை மேஜைமேல் வைத்திருக்காது என்று நூற்றுக்கு நூறு நம்பினாள். அவள் வாழ்க்கையில் நூறு என்று நினைத்தது அந்த ஒரு தடவைதான்.

மாணிக்கவாசகம் மோவாயைத் தடவினார். சுவரில் திறப்பு விழாப் படம் மாட்டியிருந்தது. அதில் அவர் கழுத்தில் மாலை. அடுத்த வாரம் வேறு ஊர்ச் சங்கத்திலிருந்து இந்த இயந்திரத்தைப் பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது.

"அவ்ளோதானேமா?" என்றார். "இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேச்சு? எல்லாரும் மஞ்ச வெச்சிக்கினு வந்துட்டா தீந்துச்சு."

"பவர்லூம்காரனும் வெச்சிக்கினு வருவான் சார்!"

"அத்த அப்போ பாத்துக்கலாம். நம்ம ஆளுங்களுக்குத் தொல்ல இல்லாம இருந்தா சரி." காத்திருந்தவர்களைப் பார்த்து, "இன்னாப்பா, சரிதானே?" என்றார்.

சரிதான் என்று முணுமுணுத்தார்கள். கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற அவசரம் அவர்களுக்கு. அத்தனை பேர் முகத்தையும் யாழினி பார்த்தாள். கண்ணெதிரே பொய்யென்று காட்டிய பிறகும் பொய்க்குத் தோதாகப் புடவையைக் கொண்டுவரச் சம்மதிக்கிறார்களே என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

தில்லையம்மாள் அப்போதுதான் வாய் திறந்தாள். "நீங்கதானேயா என்ன வெக்கக் கூடாதுன்னீங்கோ? தாலியறுத்தவ மஞ்ச வெச்ச முகூர்த்தப் பொடவய எவன் வாங்குவான்னு கேட்டீங்களே, இதே எடத்துல."

மாணிக்கவாசகம் சங்கடப்பட்டதாகத் தெரியவில்லை. "நீ வெக்காதம்மா. வேற யாரனா வெக்கட்டும்." அவர் கண் யாழினியின் கைக்குப் போனது. "அந்தப் பொண்ணு விரல்லதான் இருக்குதே. நீயே வெச்சிடும்மா, பாவம், ஒரு குடும்பம் பொழைக்கட்டும்."

யாழினி தன் விரலைப் பார்த்தாள். மஞ்சள் இன்னும் காயவில்லை. வைத்தால், இந்தக் கேடுகெட்ட நியாயத்துக்குத் தானும் ஒரு சாட்சி. வைக்காவிட்டால் தில்லையம்மாள் பெயர் இந்த நிமிஷமே போகும். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். தில்லையம்மாள் அவள் முழங்கையைத் தொட்டாள்.

"வெச்சிடும்மா" என்றாள் மெதுவாக. "பொண்ணு காலேஜ் போவுது. எனுக்கு ரோசம் பாக்க முடியாது."

யாழினி வைத்தாள்.

'கைத்தறி. 98.'

"பாத்தியா, கரெக்ட்டா சொல்லிட்ச்சி" என்று மாணிக்கவாசகம் பேரேட்டில் கையெழுத்துப் போட்டார். நமச்சிவாயம் மூட்டை எண்ணக் குடோனுக்குத் திரும்பினார்.

ஏப்ரல் முப்பதாம் தேதி கேள்வியை மூடினார்கள். விடை, 'ஆம்'. யாழினி ஆட்சேபம் எழுதினாள். கேள்வியில் கேட்டிருந்தது நடந்துவிட்டதால் ஆட்சேபம் செல்லாது என்று பதில் வந்தது. அந்தக் காலாண்டில் கம்பெனியிலேயே அதிகப் புள்ளி அவளுக்குத்தான். எட்டு வருஷம் கணித்ததில் எதற்கும் இவ்வளவு புள்ளி வந்ததில்லை. ஆனந்தகுமார் பாராட்டி அனுப்பிய செய்தியை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. அட்டையிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லி எழுதினாள். அடுத்த பதிப்பில் எடுப்பதாகச் சொன்னார்கள்.

அதற்குள் அடுத்த கேள்வி வந்திருந்தது. '2027 முடிவதற்குள் எத்தனை சங்கங்கள் இதேபோல் மாறும்?' பழைய யாழினியாக இருந்தால் மதிப்பெண் கோட்டை எடுத்துவைத்து உட்கார்ந்திருப்பாள். இப்போது கோட்டைத் திறக்கவே இல்லை. 'பாதிக்குமேல் மாறத் தொண்ணூறு சதவீதம்' என்று தட்டினாள். காரணம் கேட்ட கட்டத்தில், 'இயந்திரம் அறுபத்தாறிலேயே இருக்கும். மிச்சத்தை நாங்கள் செய்து கொடுப்போம்' என்று எழுதினாள்.

அனுப்புவதற்குமுன் வாசலில் கொலுசு இல்லாத காலடி கேட்டது. இருபது நாளைக்கு ஒருமுறை கேட்கிறது. தில்லையம்மாள் புதிதாக இறங்கிய புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றொரு கையில் மஞ்சள் கிண்ணத்தோடு நின்றாள்.

"வெச்சிக் குடும்மா" என்றாள். யாழினி எழுந்து போய், அவள் முகத்தைப் பார்க்காமல் வைத்துக் கொடுத்தாள்.